படுக்கையறைச் சுவரில் பூஞ்சை: குறை எங்களுடையதா, சுவருடையதா?

கேள்வி:
வாடகை வீட்டில் இருக்கிறோம். படுக்கையறையின் வெளிச்சுவரில் முழங்கால் உயரம் வரை ஓதம் ஏறி, அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. இருமுறை துடைத்தும் திரும்ப வந்துவிட்டது. நாங்கள் சன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளேயே உலர்த்துகிறோம் என்று கூறும் உரிமையாளர், பெயின்ட் மட்டும் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

மறுமொழி 1:
இப்போதைக்கு வேண்டாம். ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே பூசினால் பெயின்ட் கொப்புளித்து உரியும். அதற்குள் உங்கள் கையிலுள்ள சான்றும் மறைந்துவிடும். சுவரைத் துடைத்து உலரவிட்டு, ஒரு சாண் அகலப் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்றும், சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். கறை எப்போது பெரிதாகிறது என்பதையும் கவனியுங்கள். மழைக்குப் பின் விரிந்தால் வெளிப்பூச்சின் விரிசலையோ மழைநீர்க் குழாயையோ ஐயுறலாம். மழையோ வெயிலோ, ஒரே அளவில் நின்றால் சுவருக்குள் ஓடும் குழாயைப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் உப்புப் பூத்த கோட்டோடு நிற்பது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதமாக இருக்கலாம். அதைச் சன்னலைத் திறந்து சரிசெய்ய முடியாது. ஆனால், உரிமையாளர் சொல்வது முழுக்கத் தவறு என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள்: அலமாரியை ஒரு சாண் தள்ளிவைத்து, அறையின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பது உங்கள் பொறுப்புதான்.

மறுமொழி 2:
பேசியது எதுவும் நிற்காது, எழுதியதே நிற்கும். ஒரே இடத்திலிருந்து, அருகில் அளவுகோல் வைத்து, வாரம் ஒருமுறை தேதியுடன் படமெடுத்துக் கடிதத்தோடு அனுப்புங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். உள்ளூர்ச் சட்டம் அதற்கு இடம் தராவிட்டால் வழக்கு உங்களுக்கு எதிராகவே திரும்பும்.

மறுமொழி 3:
சுத்தம் செய்யும்போது உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் வித்துத்தூள் அறையெங்கும் பரவும். முகக்கவசம் அணிந்து, சோப்புநீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிளீச்சையும் அம்மோனியா கலந்த திரவத்தையும் சேர்க்கவே கூடாது, நச்சுவாயு உண்டாகும்.

கேட்டவர்:
தாளின் இரண்டு பக்கமும் நனைந்திருந்தது! வெளியே போய்ப் பார்த்தால், சுவரை ஒட்டிக் கொட்டப்பட்டிருக்கும் தோட்டமண் எங்கள் உள்தரையைவிட உயரமாக இருக்கிறது. படங்களோடு இன்று உரிமையாளருக்கு எழுதிவிட்டேன், அலமாரியையும் நகர்த்திவிட்டோம்.