ஏஐ கட்டம் போட்ட படம்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

இரவுப்பணி:
இரவு இரண்டு மணி. மூச்சுத்திணறலோடு ஓர் இளைஞர். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த சில நொடிகளிலேயே ஏஐ மென்பொருள் வலது பக்கம் கீழே மஞ்சள் கட்டம் போட்டது. கட்டியாக இருக்கலாமாம். நானும் டியூட்டி டாக்டரும் அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கடைசியில் அது முலைக்காம்பின் நிழல். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. அப்புறம்தான் கண்ணில் பட்டது: இடது நுரையீரல் உச்சியில், காறை எலும்புக்குப் பின்னால், முடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்கு மேல் ரத்தக்குழாய்க் கீற்று ஒன்றுகூட இல்லை, வெறும் கறுப்பு. நுரையீரல் சுருங்கி, சுற்றிலும் காற்று சேர்ந்திருந்தது. அந்த மென்பொருளுக்குக் கட்டி தேட மட்டுமே தெரியும். காற்றை வெளியேற்றக் குழாய் போட்டார்கள், பிழைத்துக்கொண்டார். கட்டம் இல்லாதிருந்தால் உச்சியைத்தான் முதலில் பார்த்திருப்பேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

படம்வாசிப்பவன்:
இதற்கு ஏஐயைக் குற்றம் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2013இல் வெளியான ஆய்வில், நுரையீரல் சிடி ஸ்கேன் படத்துக்குள் ஒரு கொரில்லா உருவத்தை ஒளித்து வைத்தார்கள். சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரிது. கட்டி தேடிய 24 ரேடியாலஜிஸ்டுகளில் (ஸ்கேன் படம் வாசிக்கும் மருத்துவர்கள்) 20 பேர் அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண் அதன் மேலேயே பதிந்திருந்தது. அங்கே எந்தக் கட்டமும் கிடையாது. ஒன்றைத் தேடினால் மற்றது மறைவது மனிதக் கண்ணின் குணம்.

ஸ்வீடனில் 80,000க்கு மேற்பட்ட பெண்களின் மேமோகிராம்களில் (மார்பக எக்ஸ்ரே) ஏஐயைச் சோதித்து 2023இல் முதல் முடிவை வெளியிட்டார்கள். படம் வாசிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, புற்றுநோய் கண்டறிவது குறையவில்லை. நானும் ஒருமுறை இதயத்தின் பின்னால் ஒளிந்திருந்த கட்டியைத் தவறவிட்டேன். ஏஐதான் காட்டியது. எனவே கேளுங்கள்: முதலில் கட்டத்தை அணைத்துவிட்டு நீங்களே முழுப் படத்தையும் பாருங்கள், உச்சி, ஓரம், இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே என்று ஒரே வரிசையில். பிறகு கட்டத்தைப் போடுங்கள். மென்பொருள் எதைத் தேடும், எதைத் தேடாது என்று எழுதிக் கணினி மேலேயே ஒட்டிவையுங்கள். பழைய படம் இருந்தால் பக்கத்தில் வைக்காமல் ரிப்போர்ட் எழுதாதீர்கள்.

மூத்தமகள்:
நடுவில் வேறொரு ஸ்கேன் கதையோடு நான். அம்மா ஐசியுவில், வென்டிலேட்டரில். கீழ்த்தளம் வரை எம்ஆர்ஐக்குக் கொண்டுபோவது ஆபத்து என்றார்கள். சக்கரம் வைத்த சிறிய எம்ஆர்ஐயைக் கட்டிலுக்கே தள்ளி வந்து, சாதாரண பிளக்கில் செருகினார்கள். வழக்கமான இயந்திரத்தின் காந்த வலிமை 1.5 அல்லது 3 டெஸ்லா, இது 0.064தானாம். அம்மாவின் தலை மட்டும் அதற்குள். ஸ்கேன் முடியும்வரை நான் கையைப் பிடித்தபடியே நின்றேன். படம் மங்கலாக இருந்தது, ஆனால் மூளையில் ரத்தம் கசிந்த இடம் தெரிந்தது. அந்தக் கையின் சூடு மறக்கவில்லை.

படம்வாசிப்பவன்:
சகோதரி, அந்தப் படத்தில் சின்னஞ்சிறு பாதிப்புகள் தெரியாமல் போகலாம். உடல்நிலை தேறியதும் பெரிய இயந்திரத்தில் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, மூலப் படங்களையும் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள்.

இரவுப்பணி:
சார், கொரில்லா விஷயம் சரி. ஆனால் வேறொரு இடத்தைப் பார்க்கச் சொல்லி யாரும் அங்கே மஞ்சள் வண்ணம் பூசவில்லையே? எங்கள் கணினியில் கட்டத்தை அணைக்கும் வசதியே கிடையாது. படம் வந்ததும் உள்ளங்கையால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டுதான் இப்போது உச்சியைப் பார்க்கிறேன்.