கம்பிக்கு ‘மேல்’ எது? (இடத்தியல் காவலி, புறப்பரப்பு நிலை)

நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்குள் அத்தியாயத்தை ஒப்படைக்க வேண்டும். உள்ளடக்கம் முழுக்க எழுதியாகிவிட்டது, தலைப்புதான் நிற்கவில்லை. ‘டோப்பலாஜிக்கல் இன்சுலேட்டர் நானோகம்பிகளில் சர்ஃபேஸ் ஸ்டேட்களும் எலக்ட்ரான் டிரான்ஸ்போர்ட்டும்’. உள்ளே மின்சாரத்தைக் கடத்தாமல் புறத்தில் மட்டும் கடத்தும் பொருள்தான் டோப்பலாஜிக்கல் இன்சுலேட்டர், அந்தப் புறத்தில் எலக்ட்ரான்கள் ஓடும் நிலைதான் சர்ஃபேஸ் ஸ்டேட். இதை முதலாண்டு மாணவர் வாசித்த மாத்திரத்தில் புரிந்துகொள்ளும் தமிழில் தர வேண்டும். நேற்று வரை வந்த மடல்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> புறக்கடத்தி என்று ஒரே சொல்லில் முடியும் காரியத்துக்கு ஏன் இத்தனை சுற்று? அகம் கடத்தாது, புறம் கடத்தும். அகமும் புறமும் நம் சொத்து.

ஐயா, சொல் அழகுதான். ஒரு நாள் முழுக்க அதையே வைத்து எழுதிப் பார்த்தேன். ஆனால் ஒரு பிளாஸ்டிக் குச்சிக்கு வெள்ளிப் பூச்சு பூசினால் அதுவும் புறக்கடத்திதானே? பூச்சைச் சுரண்டினால் கடத்தலும் போய்விடும். இந்த வகைப் பொருளான பிஸ்மத் செலினைடில் அப்படி இல்லை. மேல் அடுக்கை உரித்தால் அடியிலிருந்த அடுக்கு புறமாகிறது, உடனே அது கடத்தத் தொடங்குகிறது. உரிக்க உரிக்க இதே கதைதான். உள்ளே எலக்ட்ரான் பட்டைகள் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் வரம்புகள்) வரிசை மாறிக் கிடக்கின்றன, வெளியே வெற்றிடத்தில் அந்த மாற்றம் இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் பட்டைகளுக்கு நடுவிலுள்ள ஆற்றல் இடைவெளி மூடியே ஆக வேண்டும். கடத்துவது புறம், காரணம் அகம். அந்தக் காரணத்தைச் சுமப்பது ‘இடத்தியல்’ (டோப்பலாஜி) என்ற அடை. அதை வெட்டினால் வெள்ளிப் பூச்சுதான் மிஞ்சும்.

> இடத்தியல் வெறும் நேர்பெயர்ப்பு. உரு திரிந்தாலும் குணம் திரியாததைப் பற்றிய துறை இது. திரி, திருகு, திரும்பு, திரிகை எல்லாம் ஒரே வேர். ‘திரிபிலியல்’ என்க.

வேர் ஆராய்ச்சியை ரசித்துப் படித்தேன். ஆனால் 1847-இல் ஜெர்மன் கணிதர் லிஸ்டிங் ‘டோப்பலாஜி’ என்று பெயர் வைத்தபோது அவரும் இடம் என்ற கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார். அது துறையின் முழுக் குணத்தையும் சொல்லவில்லை, ஆனாலும் நிலைத்துவிட்டது. மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா, அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்று தொல்காப்பியமே சொல்கிறதே. இடத்தியல் ஏற்கெனவே புழங்கும் சொல், அதைக் கலைக்க வேண்டாம்.

இன்சுலேட்டருக்கு ‘மின்கடத்தாப் பொருள்’ என்று எழுதினால் ‘மின்கடத்தாப் பொருளின் புறம் மின்னைக் கடத்தும்’ என்று வாக்கியம் தன்னைத்தானே மறுக்கிறது. இலங்கைப் பாடநூல்களின் ‘காவலி’ சிறியது, கடத்திக்கு இணையாக இகர ஈற்றில் நிற்கிறது. அதையே எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் மனத்தை அரிக்கும் இடம்: மேற்பரப்பா, புறப்பரப்பா?

மேற்பரப்பு எல்லாருக்கும் தெரியும், ஏன் தொட வேண்டும் என்று ஆசிரியர் அம்மா கேட்டிருந்தார். தட்டையான படிகம் என்றால் நானும் தொட்டிருக்க மாட்டேன். கம்பிக்கு மேல் எது? விட்டம் 100 நானோமீட்டர் உள்ள ஒரு கம்பியை எண்ணிப் பாருங்கள். எலக்ட்ரான் நீளவாக்கில் ஓடுவதோடு சுற்றளவையும் வளைய வருகிறது, அதன் அலை சுற்றி வந்து தன்னோடே பொருந்தியாக வேண்டும். கம்பியின் நீளவாக்கில் காந்தப்புலம் கொடுத்து மெல்ல ஏற்றினால் மின்தடை ஏறி இறங்கி ஊசலாடும். இந்தக் கம்பிக்கு ஏறத்தாழ அரை டெஸ்லாவுக்கு ஒரு முறை. குறுக்குவெட்டுக்குள் ஒரு பாயக் குவாண்டம் (காந்தப்பாயத்தின் ஓர் அடிப்படை அலகு) கூடுதலாக நுழையும் ஒவ்வொரு தடவையும் ஓர் ஊசல். 2010-இல் பிஸ்மத் செலினைடு நானோநாடாக்களில் இதை அளந்தே காட்டினார்கள். எலக்ட்ரான்கள் உள்ளெங்கும் பரவி ஓடினால் ஒவ்வொரு பாதையும் வேறு வேறு பரப்பை வளைக்கும், ஊசல்கள் கலந்து மங்கிப்போகும். எல்லாம் ஒரே விளிம்பைச் சுற்றுவதால்தான் தெளிவாகத் தெரிகிறது. ‘சுற்றி’ என்பதே இங்கே உயிர். பள்ளிக் கணக்கில் உருளைக்கு ‘மொத்தப் புறப்பரப்பு’ என்றுதானே படித்தோம்? அதே சொல் இங்கும் வரட்டும்.

சுருக்கமாகப் ‘புறநிலை’ என்று மட்டும் வைக்க முடியாது. அகநிலை, புறநிலை தத்துவத்தில் வேறு வேலையில் இருக்கின்றன. புறப்பரப்பு நிலை என்று நீளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

டிரான்ஸ்போர்ட்டுக்கு இப்போதைக்குக் ‘கடத்துகை’ என்று போட்டிருக்கிறேன். போக்குவரத்து என்றால் பேருந்துதான் வருகிறது.

~~~

தம்பி, சுரண்டும் எடுத்துக்காட்டைப் படித்தபின் புறக்கடத்தியை விட்டுவிட்டேன். ஆனால் கடத்துகை கூடாது. வெப்பம் போவதும் எலக்ட்ரானின் தற்சுழற்சி (ஸ்பின்) போவதும் இந்தத் துறைக்குள் வருமே, எல்லாம் மின்கடத்தல் ஆகிவிடுமா? நம்மிடம் ‘செலவு’ இருக்கிறது. செல்வது செலவு. சங்கப் பாட்டில் தலைவன் புறப்பட எண்ணிப் பின் போகாமல் நின்றுவிடுவது செலவழுங்கல். இந்தப் புறப்பரப்பில் எலக்ட்ரானின் தற்சுழற்சி அதன் திசையோடு கட்டுண்டு கிடக்கிறது, காந்தக் குணமில்லாத மாசில் மோதி நேரே பின்னால் திரும்ப வழியில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். செலவழுங்காச் செலவு! இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

~~~

ஐயா, படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஆனால் ‘நானோகம்பிகளில் எலக்ட்ரான் செலவு’ என்று அட்டவணையில் பார்க்கும் மாணவர் எத்தனை ரூபாய் என்றுதான் முதலில் நினைப்பார். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு பத்தி எழுத வேண்டியிருக்கும், பக்கம் இல்லை.

~~~

வகுப்பில் இன்று புறப்பரப்பு நிலை என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் திகைக்கவில்லை. ஆனால் பாதிப் பேர் குறிப்பேட்டில் மேற்பரப்பு என்றே எழுதியிருந்தார்கள். காவலி என்றதும் காவல் காப்பவளா என்று ஒரு மாணவி கேட்டாள், அப்புறம் அதையே வைத்துக்கொண்டாள். பெரும்பாலோர் சரி என்றால் எனக்கும் சரி.

~~~

சரி, ‘இடத்தியல் காவலி நானோகம்பிகளில் புறப்பரப்பு நிலைகளும் எலக்ட்ரான் கடத்துகையும்’ என்று அனுப்புகிறேன். கடத்துகை எனக்கும் நிறைவில்லை, வியாழன் இரவு வரை மாற்ற இடம் உண்டு. ஐயாவின் செலவழுங்கல் விளக்கத்தைப் பின்சிதறல் (எலக்ட்ரான் மோதிப் பின்னால் திரும்புவது) பத்தியில் சேர்க்க அனுமதி தர வேண்டும்.

~~~

சேர்த்துக்கொள்ளுங்கள். தலைப்பை நான் ஏற்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.