செம்மண் காட்டில் ஓட்ட சீன டர்ட் பைக்: 85,000 கொடுக்கலாமா?

கல்லல் காடு கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஐயா விட்டுப்போன நிலம் 9 ஏக்கர் இருக்கிறது. பாதி தைல மரம், மீதி முந்திரி. நடுவே ஒரு பஞ்சாயத்துத் தார் ரோடு போகிறது. என் மகனுக்கு 15 வயது. இரண்டு வருடமாக டர்ட் பைக் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன், முடித்துவிட்டான்.

சென்னையில் இறக்குமதி செய்து விற்கும் ஒருவர் 125 சிசி வண்டிக்கு 85,000 ரூபாய் சொல்கிறார். நாலு கியர், கிக் ஸ்டார்ட், முன்னால் 17 இன்ச், பின்னால் 14 இன்ச் சக்கரம். இரும்புச் சட்டப் பெட்டியில் பாதி கழற்றிய நிலையில் லாரியில் வருமாம். சக்கரமும் ஹேண்டில்பாரும் நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். காரைக்குடியில் எங்கள் மெக்கானிக், "அதை நான் தொட மாட்டேன், ஸ்பேர் கிடைக்காது" என்கிறார். மச்சான் ஒருவர், அந்தக் காசுக்கு ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பழைய வண்டி பார் என்கிறார்.

என்ஜின் எத்தனை நாள் தாங்கும்? ஸ்பேர் நம் பக்கம் கிடைக்குமா? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

புதுவயல் ஃபிட்டர் பதில்:

அண்ணே, நான் புதுவயலில் அரிசி ஆலை ஃபிட்டர். எலிவேட்டர், பெல்ட், பேரிங், இதுதான் என் பிழைப்பு. 2021-ல் இதே மாதிரி 125 ஒன்று 72,000-க்கு வாங்கினேன். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, போன ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டினேன். அதனால் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 85,000-ஓடு முடியும் என்று கணக்குப் போடாதீர்கள். எனக்கு முதல் ஆறு மாதத்தில் மேற்கொண்டு 18,000 சொச்சம் ஆனது, அதுவும் வேலை எல்லாம் நானே செய்து.

என்ஜினைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அதற்குத்தான் பயப்படத் தேவையில்லை. சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும் அந்த என்ஜின், ஹோண்டா 1958-ல் சூப்பர் கப் வண்டியில் தொடங்கிய குடும்பம். நம் ஸ்பிளெண்டர் என்ஜினும் அந்த வழி வந்ததுதான். சீனாவில் சோங்கிங் நகரத்துக் கம்பெனிகள் இதைப் பல வருடமாக வார்த்து வார்த்துக் கை பழகியவை. அந்த ஊர் லோன்சின் கம்பெனி பிஎம்டபிள்யூவின் எஃப் 850 ஜிஎஸ் வண்டிக்கே என்ஜின் செய்து கொடுத்தது. தொழில் தெரியும். விலையைக் குறைக்க அவர்கள் கை வைப்பது வேறு இடத்தில்: பேரிங், போல்ட், ஸ்போக்ஸ் கம்பி, புஷ். வாங்குகிறவர் கண்ணுக்குப் படாத இடங்கள்.

என்ஜினுக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஆயில் மட்டும். பெட்டியில் வரும்போது உள்ளே இருக்கும் ஆயிலை நம்பவே வேண்டாம், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்குள்தான் பிடிக்கும். முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் நான் ஆயிலை ஒரு எவர்சில்வர் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கெண்டை மீன் செதில் மாதிரி மினுமினுப்பு தட்டு முழுக்க ஓடியது. புது என்ஜினில் அப்படித்தான் வரும், ஆனால் இந்த வகையில் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடையும், சுற்றுகிற வேகத்தில் கசடை ஓரம் தள்ளும் ஒரு கிண்ணமும்தான். அந்தத் தூளை நாம்தான் வெளியே எடுக்க வேண்டும். 1 மணி, 5 மணி, 20 மணி என்று மூன்று முறை மாற்றினேன். மூன்றாவது முறை தட்டு சுத்தமாக இருந்தது.

அப்புறம் சக்கரம். முதல் நாள் 40 நிமிடம்தான் ஓட்டியிருப்பேன், பின்சக்கரம் ஆடுகிற மாதிரி தெரிந்தது. ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பேனர் முனையால் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். இறுகிய கம்பி கணீரென்று சொல்லும், தளர்ந்தது சொத்தென்று சத்தம் கொடுக்கும். 32 கம்பியில் 9 சொத்து. அன்றைக்கு நான் விட்டிருந்தால் அடுத்த மேட்டிலேயே ரிம் கோணியிருக்கும். இப்போதும் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு சுற்று தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.

பேரிங் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். சக்கரத்தில் போட்டிருந்தவற்றை ஒரு மாதத்தில் கழற்றினேன். உள்ளே கிரீஸ் பேருக்குத்தான் இருந்தது, சீலைத் தாண்டி செம்மண் போய்க் கோலிகளை அரைத்திருந்தது. ஒரு ஜோடி நல்ல பேரிங் போட்டிருந்தால் அவர்களுக்குச் சில நூறு ரூபாய்தான் கூட ஆகியிருக்கும். ஆனால் மாற்றுவது எளிது, அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். ஆக்சிலை வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். 15 மி.மீ. என்றால் பெரும்பாலும் 6202, 12 மி.மீ. என்றால் 6201 அல்லது 6301. பழையதன் மேல் எண் வெட்டியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்தது கேளுங்கள். எங்கள் ஆலைக்கு வாங்கும் அதே கடையில்தான் வாங்கினேன். "ஸ்பேர் கிடைக்காது" என்பவர்கள் பைக் கடையில் மட்டும் கேட்டிருப்பார்கள்.

போல்ட்: தலையில் எந்த எண்ணும் இல்லாத போல்ட் எது கண்ணில் பட்டாலும் கழற்றுங்கள். என்ஜினைச் சட்டத்தோடு பிடிப்பது, ஃபுட்ரெஸ்ட், பின் ஸ்ப்ராக்கெட், இந்த மூன்றையும் முதல் நாளே 8.8 அல்லது 10.9 என்று பொறித்த போல்ட்டாக மாற்றிவிடுங்கள். முதல் 8 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும் என்று அர்த்தம். எண் இல்லாதது எவ்வளவு தாங்கும் என்று செய்தவனுக்கே தெரியாது. மரையில் ஒரு சொட்டு லாக் பசை விட்டு முடுக்குங்கள். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்குள் பிளாஸ்டிக் புஷ்தான் இருந்தது, நான் லேத்தில் கொடுத்து கன்மெட்டலில் (வெண்கல வகை) கடைந்து போட்டேன். நாலு வருடமாக அசையவில்லை.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. கோடையில் கண்மாய்ப் புழுதி முகப்பவுடர் மாதிரி இருக்கும். வண்டியோடு வந்த ஃபோம் ஃபில்டரை நம்பி இரண்டு மாதம் ஓட்டிவிட்டு, ஒருநாள் அதைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தேன். விரல் நுனி சிவந்துவிட்டது. அவ்வளவு செம்மண்ணும் பிஸ்டனுக்குத்தான் போயிருக்கிறது. ரிங் தேய்வது இப்படித்தான், அதைத்தான் பலர் சீன என்ஜின் தாங்கவில்லை என்கிறார்கள். இரண்டடுக்கு ஃபோம் வாங்கி, ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து போடுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் கழுவிக் காய வையுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும்.

ஸ்பேரில் கஷ்டப்படுத்துவது இரண்டு. ஒன்று பின்பக்க 14 இன்ச் பட்டன் டயர், மண்ணைப் பிடிக்கக் கட்டி கட்டியாக ரப்பர் வைத்தது. காரைக்குடியில் நான் கேட்ட கடை எதிலும் இல்லை, சென்னையிலிருந்துதான் வரவழைத்தேன். வண்டியோடு ஒரு டயரும் இரண்டு டியூபும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், சீமைக் கருவேல முள் காத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று சிடிஐ, அதாவது ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் சின்ன மின் பெட்டி, ஐந்து ஊசி உள்ளது. என்னுடையது ஒன்று மழையில் போனது. பெரிய விலை இல்லை, ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். செயின் 420 என்ற அளவில் வந்தால் அது இங்கே தேட வேண்டும். பல்லுக்குப் பல் தூரம் 420-க்கும் 428-க்கும் ஒன்றுதான், 12.7 மி.மீ., அகலம்தான் வேறு. அதனால் மாற்றுவதென்றால் முன்பல், பின்பல், செயின் மூன்றையும் சேர்த்து இங்கே கிடைக்கும் 428-க்கு மாற்ற வேண்டும். ஹேண்டில்பார் 22 மி.மீ., நம் வண்டிகளில் பாதிக்கு அதே தடிமன்தான்.

எக்ஸ்பல்ஸ் அருமையான வண்டி, சந்தேகமில்லை. பதிவு செய்த வண்டி, ஊர் ஊராகப் போகலாம். ஆனால் 154 கிலோ, சீட் உயரம் 823 மி.மீ. முந்திரி வேரில் தடுக்கிப் படுத்துவிட்டால் 15 வயதுப் பையன் தனியாகத் தூக்க மாட்டான். என்னுடையதை ஆலையில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தேன், 72 கிலோ. கற்றுக்கொள்ளும் வயதில் விழுவதும் தூக்குவதும்தான் பாதிப் பாடம்.

ஆ.தெக்கூர் மாப்பிள்ளை பதில்:

ஃபிட்டர் அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். விலை குறைவு என்று 49 சிசி டூ ஸ்ட்ரோக் சின்ன வண்டிப் பக்கம் போய்விடாதீர்கள். தங்கச்சி மகனுக்காக வாங்கினேன். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பொறி பிளாஸ்டிக், மூன்றாம் வாரம் கையோடு வந்துவிட்டது. அலுமினியத்தில் வாங்கி மாற்றினோம். பெட்ரோலில் 25-க்கு 1 என்று ஆயில் கலக்க வேண்டும், ஒருநாள் மறந்துபோய் வெறும் பெட்ரோல் ஊற்றியதில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. அந்த வண்டி 15 வயதுப் பையனுக்கு முழங்காலுக்குக்கூடப் போதாது.

செக்காலை வக்கீல் பதில்:

வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நடுவே ஒரு தார் ரோடு போகிறது என்று படித்ததும் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

இந்த வண்டிகளுக்கு நம் நாட்டு வகைச் சான்று (இந்த மாடல் விதிப்படி இருக்கிறது என்று சோதித்துக் கொடுப்பது) இல்லை என்றால் ஆர்டிஓவில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 39-ஆம் பிரிவுக்கு விரோதம். பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எதுவும் பொது இடம்தான். இந்தக் காட்டிலிருந்து அந்தக் காட்டுக்குப் போக ரோட்டை 20 அடி கடந்தாலும் பொது இடத்தில்தான் நிற்கிறான். 2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு வந்தது. 18 வயது ஆகாதவர் செய்யும் குற்றத்துக்குப் பெற்றோரே பொறுப்பு: 25,000 ரூபாய் அபராதமும் 3 வருடம் வரை சிறையும். பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்சும் கிடைக்காது. விபத்தாகிவிட்டால் இன்சூரன்ஸும் இல்லை. வேலிக்குள் என்றால் வேலிக்குள். ரோட்டைத் தாண்டும்போது என்ஜினை அணைத்து நீங்கள் தள்ளிக்கொண்டு போங்கள், அவன் ஏற வேண்டாம்.

கல்லல் காடு:

எல்லோருக்கும் நன்றி. போன வாரம் சென்னை போயிருந்தேன், கையில் வெர்னியரோடு. முன் ஆக்சில் 12 மி.மீ., பின்னால் 15. என்ஜின் மவுண்ட் போல்ட் தலையில் எண் எதுவும் இல்லை. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் இடப்பக்கம் ஆயில் லேசாகக் கசிந்திருந்தது, பெட்டியில் இருக்கும் புது வண்டியிலேயே. அதைக் காட்டியதும் விற்பவர் 6,000 குறைத்தார். பின் டயர் ஒன்று, டியூப் இரண்டு, சிடிஐ ஒன்று சேர்த்து 84,500-க்கு முடித்தேன். ரோட்டுக்குக் கிழக்கே உள்ள 5 ஏக்கரில் மட்டும்தான் என்று மகனிடம் சத்தியம் வாங்கிவிட்டேன், கேட்டுக்குப் பூட்டும் போட்டாகிவிட்டது. ஹெல்மெட், முழங்கால் கவசம், கணுக்கால் மூடிய பூட்ஸ் வந்த பிறகுதான் சாவி.

ஃபிட்டர் தம்பி, ஒரு சந்தேகம். கசியும் ஃபோர்க் சீலை மாற்றினால் போதுமா, ஃபோர்க்கையே மாற்ற வேண்டுமா? காரைக்குடி மெக்கானிக் பார்க்க மாட்டேன் என்கிறார்.

புதுவயல் ஃபிட்டர்:

சீல் போதும் அண்ணே. முதலில் ஃபோர்க் குழாயை நகத்தால் மேலிருந்து கீழே தடவிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, சீல் எத்தனை போட்டாலும் கசியும். 1000 நம்பர் எமரித் தாளை ஆயிலில் நனைத்து, கீறலுக்குக் குறுக்கே மெதுவாகத் தேய்த்தால் சின்னக் கீறல் போய்விடும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் சீல் மட்டும் மாற்றலாம். பழைய சீலின் மேலேயே உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் மூன்றும் அச்சிட்டிருக்கும், அதை போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், ஆயில் சீல் கடையில் பார்த்துச் சொல்கிறேன்.

மெக்கானிக்கைத் தேடி அலைய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவுதான், வண்டியைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு புதுவயலுக்கு வந்துவிடுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கம்பி தட்டிப் பார்ப்பது எப்படி என்று அவன்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.