சங்கீதம் 32 பாடத்துக்கு உதவி தேவை

ஞாயிறு பள்ளியில் 13 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு 40 நிமிடப் பாடம். முதல் இரண்டு வசனங்களில் பாவத்துக்கு மூன்று சொற்கள்: மீறுதல், பாவம், அக்கிரமம். எபிரெயத்தில் முறையே பெஷா (கலகம்), ஹட்டாஆ (குறி தவறுதல்), அவோன் (கோணல்). மன்னிப்புக்கும் மூன்று வினைகள்: தூக்கி அகற்றுதல், மூடுதல், கணக்கில் எண்ணாதிருத்தல். தமிழில் 'மன்னிக்கப்பட்டதோ' என்று வருவதால் முதல் வினையின் சுமை தூக்கும் படம் மறைந்துவிடுகிறது.

சிக்கல் இங்கேதான். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்குப் 'பாவம்' என்றாலே 'ஐயோ பாவம்'தான்! சிங்கப்பூரில் விதி மீறும் ஓட்டுநர்மீது பதிவாகும் சாலைக் குற்றப் புள்ளிகளை உவமையாக்கலாம் என்றால் அதுவும் சறுக்குகிறது: 12 மாதம் ஒழுங்காக ஓட்டினால் புள்ளிகள் அழியும். அப்படியானால் மன்னிப்பு நன்னடத்தைக்குக் கிடைக்கும் கூலி என்றாகிவிடும். ரோமர் 4:4-8 மறுப்பது அதைத்தான். சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தில் தாவீது செய்தது மறைக்காமல் அறிக்கையிட்டது மட்டுமே.

இரண்டு உதவி வேண்டும். கடன் உவமை 'எண்ணாதிருத்தல்' என்பதற்குப் பொருந்தும். 'கோணல்' என்பதற்கு அடுக்குமாடி வாழ்க்கையிலிருந்து ஓர் உவமை சொல்லுங்கள். அறிக்கையிடும் பகுதியைப் பிள்ளைகள் கூச்சப்படாமல் நடத்துவது எப்படி? தாளில் எழுதிக் கிழிக்கும் முறை வேண்டாம், சிலர் எட்டிப் பார்ப்பார்கள்.