சின்ன விமானத்தில் பஹாமாஸ், குடும்பத்தோடு போகலாமா?

தாமிரபரணி_ஆர்லாண்டோ:
வணக்கம். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஆறு வருடமாகத் தனியார் விமானி உரிமம் வைத்திருக்கிறார், வார இறுதிகளில் செஸ்னா 172 என்ற நாலு சீட் சின்ன விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டுவார். ஏப்ரலில் மூன்று நாள் பஹாமாஸ் போய் வரலாம், முதலில் பிமினி, அப்புறம் எக்ஸூமா தீவுகள், செலவைப் பிரித்துக்கொள்வோம் என்கிறார். அவர், நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஆக நாலு பேர். மகளுக்குக் கடலில் நீந்தும் பன்றிகளைப் பார்க்க வேண்டுமாம், இப்போதே பெட்டி கட்டிவிட்டாள். மனைவிக்குத்தான் மனசில்லை. ஒற்றை எஞ்சின், கீழே கடல், நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். செலவை எப்படிப் பிரிப்பது முறை? நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், பாஸ்போர்ட்டில் உள்ள விசா போன வருடமே முடிந்துவிட்டது, ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் கையில் இருக்கிறது, அமெரிக்காவுக்குத் திரும்பி வர அது போதும்தானே?

இறக்கை172:
உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. நானும் புளோரிடாவில்தான் ஓட்டுகிறேன், பிமினிக்கு நாலு தடவை போயிருக்கிறேன். மயாமியிலிருந்து பிமினி சுமார் 80 கிலோமீட்டர். எஞ்சின் நின்றாலும் 172 கல் மாதிரி விழாது, ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் இரண்டே முக்கால் கிலோமீட்டர் சறுக்கிப் போகும். 9,500 அடியில் கடந்தால் பாதி வழிக்கு மேல் ஏதாவது ஒரு கரை எட்டும் தூரத்தில் இருக்கும், எந்தக் கரையும் எட்டாத இடம் நடுவில் எட்டு ஒன்பது நிமிடம்தான். அந்த நிமிடங்களுக்காகத்தான் உயிர்காப்பு அங்கி. நாலு பேரும் கரையிலேயே மாட்டிக்கொண்டு ஏற வேண்டும், பையில் வைத்திருந்து பயனில்லை. காற்று நிரப்பும் மிதவைப் படகும் வாடகைக்குக் கிடைக்கும், அதை எடுக்காமல் ஏறாதீர்கள். இன்னொன்றையும் மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: கரை மறைந்ததும் எஞ்சின் சத்தம் மாறியது போலவே காதுக்குப் படும். எல்லா விமானிக்கும் படும், எனக்கு நாலாவது தடவையும் பட்டது.

எனக்குக் கவலை எடைதான். புது 172ல்கூட ஆட்கள், சாமான், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 390 கிலோ. டேங்க் நிறைத்தால் பெட்ரோலே 144 கிலோ போய்விடும். மீதியில் நீங்கள் நாலு பேர் ஏறினாலே கணக்கு முடிந்தது, படகும் பெட்டியும் எங்கே வைப்பது? பெட்ரோலைக் குறைத்தால் ஆகாதா என்றால், சில தீவுகளில் பெட்ரோல் கிடைக்காது. கூச்சப்படாமல் எல்லார் எடையும் கேளுங்கள், பையைத் தராசில் வையுங்கள், இடிக்கிறது என்றால் 182 மாதிரி கொஞ்சம் பெரிய விமானம் எடுக்கச் சொல்லுங்கள். நண்பர் இந்தக் கணக்கை எழுதிக் காட்ட மறுத்தால் போகாதீர்கள்.

பணம்: தனியார் உரிமம் உள்ளவர் பயணிகளிடம் சம்பாதிக்கக் கூடாது. வாடகை, பெட்ரோல், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், இவற்றை மட்டும் பிரிக்கலாம், நாலு பேர் என்றால் அவர் கால் பங்காவது தன் கையிலிருந்து போட வேண்டும். அதற்கு மேல் வாங்கினால் சட்டவிரோதம், விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர்களும் கைவிரிக்க வாய்ப்புண்டு.

பஹாமாஸில் இருட்டிய பிறகு பார்வையை நம்பிப் பறக்க அனுமதி இல்லை. வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் இடிமேகம் எழும்பும், ஏப்ரல் பரவாயில்லை, ஆனாலும் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். திரும்புகிற நாளுக்கு அடுத்த நாளும் லீவு போட்டு வையுங்கள். திங்கட்கிழமை ஆபீஸ் போயே ஆக வேண்டும் என்ற அவசரத்தில்தான் விமானிகள் மோசமான வானத்தில் ஏறுகிறார்கள்.

கடலூர்க்காரி:
நான் பயணியாகப் போயிருக்கிறேன், பின் சீட்டில். எங்களுக்கு வழி பிமினியிலிருந்து ஆண்ட்ரோஸ் தீவு மேலாக எக்ஸூமா. பிமினி தாண்டியதும் கடல் ஆளுயரம், இரண்டு ஆளுயரம்தான், அப்படியே வெகுதூரம் போகும். அடியில் வெள்ளை மணல், கோலப்பொடியை விரலால் இழுத்துவிட்டது போல வரிவரியாக. அந்த மணலில் எங்கள் விமானத்தின் நிழல் கூடவே ஓடிவந்தது. ஆண்ட்ரோஸ் கிழக்குக் கரையைத் தாண்டியதும் தண்ணீர் கோடு கிழித்தாற்போல் கருநீலமாகி, நிழல் காணாமல் போனது. அங்கே ஆழம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். என் கை தானாகப் போய்க் கணவர் கையைப் பிடித்தது. எங்கள் ஊரில் பெண்ணையாறு கலந்து கலங்கிய கடலைப் பார்த்து வளர்ந்தவள் நான், பெரிய ஆறே இல்லாத சுண்ணாம்புத் தீவுகளைச் சுற்றி இப்படித் தெளிந்த தண்ணீர் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

பன்றிகள் எக்ஸூமாவில் ஸ்டேனியல் கீ என்ற தீவுக்குப் பக்கத்தில், படகில் போக வேண்டும். மகளிடம் சொல்லுங்கள், தீனியை மணலில் போடக் கூடாது, தண்ணீரில்தான். மணலோடு சேர்த்துத் தின்றால் அவற்றுக்கு உயிருக்கே ஆபத்து. அங்கேயே நார்மன்ஸ் கீ என்ற இன்னொரு தீவின் ஓரம் ஆழமில்லாத நீரில் கடத்தல்காரர்கள் காலத்து விமானம் ஒன்று மூழ்கிக் கிடக்கிறது, மேலிருந்தே தெரியும், அந்தப் பக்க ஜன்னலில் மகளை உட்காரவையுங்கள்.

விசா_வரிசை:
மற்றதையெல்லாம் விடுங்கள், முதலில் இதைப் படியுங்கள். ஐ-797 போதாது. விசா முடிந்த பிறகும் திரும்பி வரலாம் என்ற சலுகை எச்-1பிக்கு கனடா, மெக்சிகோவுக்கு 30 நாளுக்குள் போய் வருவதற்கு மட்டும்தான். கரீபியன் பக்கத் தீவுகளுக்கு அந்தச் சலுகை எஃப், ஜே விசாக்காரர்களுக்கு, அதாவது மாணவர்கள், பரிமாற்றத் திட்டத்தில் வந்தவர்களுக்கு உண்டு, உங்களுக்கு இல்லை. பஹாமாஸ் போனால் புது விசா இல்லாமல் அமெரிக்காவுக்குள் திரும்ப முடியாது. தனியார் விமானம் என்பதால் தப்பிக்கவும் முடியாது, போகும்போதும் வரும்போதும் எல்லார் பாஸ்போர்ட் விவரத்தையும் விமானி முன்கூட்டியே சுங்கத்துறைக்கு இணையத்தில் அனுப்பியாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி வேறொரு தீவில் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வாரக்கணக்கில் தவித்தது. தயவுசெய்து போகாதீர்கள்.

தாமிரபரணி_ஆர்லாண்டோ:
ரொம்ப நன்றி, கை நடுங்குகிறது. டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், சென்னையில் விசா எடுத்துக்கொண்டு அடுத்த ஏப்ரலில் பார்க்கிறோம். மகள் அழுதாள், அம்மா சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறாள். இறக்கை அண்ணா, ஒரு கேள்வி, அங்கியைக் கரையிலேயே காற்று நிரப்பிப் போட்டுக்கொள்வதா?

இறக்கை172:
கூடவே கூடாது. இடுப்பில் கட்டும் வகை வாங்குங்கள், விமானத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளேயே நிரப்பினால் தண்ணீர் புகும்போது கூரையோடு ஒட்டிக்கொள்வீர்கள், கதவு வழியே குனிந்து வெளியேற முடியாது. அடுத்த ஏப்ரல் வரை நண்பரை இங்கேயே பக்கத்து ஊருக்கு ஒரு மணி நேரம் கூட்டிப்போகச் சொல்லுங்கள், முன் சீட்டில் மனைவி உட்காரட்டும்.