சூடேறியதும் நின்றுவிடும் 1976 மாடல் கார்: எல்-ஜெட்ரானிக் மின்கோளாறு, உதவி தேவை

பழையவண்டி76:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் உள்ள 1976ஆம் ஆண்டு நான்கு சிலிண்டர் காரில் போஷ் எல்-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொள்கிறது, சீராகவும் ஓடுகிறது. ஏறக்குறைய இருபது நிமிடம் ஓட்டிய பிறகு இரண்டு மூன்று முறை குலுங்கி நின்றுவிடுகிறது. பானெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால், எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறது. இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப், ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிட்டேன், பலனில்லை. எர்த் வயர்களை (மின்சாரம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்பும் வழி) மல்டிமீட்டரில் ஓம் அளவில் வைத்துப் பார்த்தபோது 0.4 காட்டியதால் அவை சரியாக இருப்பதாக எடுத்துக்கொண்டேன். சாவியை ஆன் செய்தால் பம்ப் ஓடும் சத்தமே கேட்பதில்லை. பழைய பம்பும் இப்படித்தான் இருந்தது. பம்புக்குப் போகும் மின்சாரத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். சரிதானா?

மின்கம்பி:
வணக்கம் நண்பரே. சாவியை ஆன் செய்தவுடன் பம்ப் ஓடாமல் இருப்பது அந்தக் காலத்து எல்-ஜெட்ரானிக்கில் கோளாறு அல்ல. செல்ஃப் சுற்றும்போது ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பம்பை ஓட்டும். என்ஜின் பிடித்த பிறகு, உள்ளே போகும் காற்று, அதை அளக்கும் ஏர் ஃப்ளோ மீட்டரின் மடலைத் தள்ளுவதால் அதனுள் இருக்கும் காண்டாக்ட் சேர்ந்து பம்பைத் தொடர்ந்து ஓட வைக்கும். விபத்தில் என்ஜின் நின்றுவிட்டால் பெட்ரோல் தொடர்ந்து பாயக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஏர் ஃபில்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மடலை விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பம்ப் ஓட வேண்டும்.

ஒரு கேள்வி. வண்டி நிற்கும் அந்த நொடியில் ஆர்.பி.எம். முள் என்ன செய்கிறது? என்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன் பக்கம் தேடலாம். என்ஜினோடு சேர்ந்து மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம் தேட வேண்டும்.

நான்குசிலிண்டர்:
ரிலேயைத் திறந்து பாருங்கள் ஐயா. சூட்டில் நிற்பதும் ஆறியபின் ஓடுவதும் அதனுள் இருக்கும் ஈயப்பற்று (சால்டரிங்) விரிசலின் வழக்கமான குணம். தண்ணீர் வெப்ப சென்சாரையும் ஓம் பார்த்துவிடுங்கள்: 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் இருக்க வேண்டும்.

பழையவண்டி76:
இருவருக்கும் நன்றி. மடலைத் தள்ளியதும் பம்ப் ஓடியது. வண்டி சூடாகி நின்ற நிலையிலும் ஓடியது. ஆக, நான் வீணாக ஒரு பம்ப் மாற்றியிருக்கிறேன். முள் என்ஜினோடு சேர்ந்து மெதுவாகத்தான் இறங்குகிறது. ரிலேயின் ஈயப்பற்றுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன், விரிசல் இல்லை. சென்சார் நீங்கள் சொன்ன அளவுகளுக்கு அருகிலேயே இருக்கிறது.

மின்கம்பி:
சென்சார் பழுதானால் பெட்ரோல் கூடும் அல்லது குறையும். இருபது நிமிடம் நன்றாக ஓடி, குலுங்கி நிற்பது அதன் இயல்பு அல்ல. பம்ப் ஓடுகிறது, இக்னிஷன் இருக்கிறது என்றால், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு, அதைத் திறக்கும் மின்துடிப்பு போகிறதா என்பதே மிச்சம். வண்டி நின்றதும், ஆறவிடாமல், ஒரு இன்ஜெக்டரின் இணைப்பைக் கழற்றி அதில் சிறிய பல்பு ஒன்றைச் செருகி, செல்ஃப் சுற்றச் செய்யுங்கள். பேட்டரியிலிருந்து இன்ஜெக்டருக்கு நேராக மின்சாரம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 2 அல்லது 3 ஓம் மட்டுமே உள்ள அதன் காயில் எரிந்துபோகும்.

பழையவண்டி76:
இன்று செய்து பார்த்தேன். ஆறிய நிலையில் பல்பு தெளிவாக மின்னுகிறது. நின்ற நிலையில் மங்கலாக, விட்டுவிட்டு மின்னுகிறது. இன்ஜெக்டருக்கு வரும் நேர்முனை (+) மின்சாரம் இரண்டு நிலைகளிலும் ஒரே அளவுதான்.

மின்கம்பி:
அப்படியானால் எர்த்தை நம்ப வேண்டாம். இந்த அமைப்பில் நேர்முனை மின்சாரம் எப்போதும் இன்ஜெக்டரில் நிற்கிறது. கண்ட்ரோல் யூனிட் (இன்ஜெக்டர்களை இயக்கும் மின்னணுப் பெட்டி) மறுமுனையை எர்த்தோடு சேர்த்துத்தான் அதைத் திறக்கிறது. நான்கும் ஒரே நேரத்தில் திறக்கின்றன. இன்ஜெக்டர் 2.4 ஓம், தொடரில் உள்ள ரெசிஸ்டர் 6 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 1.4 ஆம்பியர், நான்கும் சேர்ந்து கிட்டத்தட்ட 5.7 ஆம்பியர் அந்த எர்த் வழியாக ஒரே கணத்தில் இறங்குகிறது. மீட்டரின் ஓம் அளவோ மிகச் சிறிய மின்னோட்டத்தில் பார்ப்பது. வயரில் மூன்று இழை மிஞ்சியிருந்தாலும் அதற்குப் போதும். போதாததற்கு, நீங்கள் கண்ட 0.4இல் பெரும்பகுதி மீட்டரின் கம்பிகளுக்கே உரியதாக இருக்கலாம். இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பாருங்கள்.

எனவே எர்த்தின் மேல் மின்பாரம் ஏற்றி, அதாவது கூடுதல் மின்னோட்டத்தைப் பாயவிட்டு, சோதியுங்கள். வண்டி சூடாகி நின்றதும் சாவியை ஆஃப் செய்துவிட்டுக் கண்ட்ரோல் யூனிட்டின் பிளக்கைக் கழற்றுங்கள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு 21 வாட் பிரேக் விளக்கு பல்பு வழியாக, பிளக்கில் உள்ள எர்த் முனைக்கு மின்சாரம் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். அதே நேரத்தில் அந்த எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள்; 0.1க்கு மேல் போனால் வழியில் எங்கோ தடை இருக்கிறது.

பழையவண்டி76:
கிடைத்துவிட்டது ஐயா. ஆறிய நிலையில் 0.2 வோல்ட் காட்டிய அதே இடத்தில், சூட்டில் 2.1 வோல்ட், பல்பும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மங்கியது. இன்டேக் மேனிஃபோல்டில் (என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) திருகியிருந்த எர்த் வயரைத் தொட்டு அசைத்தபோது வெளிச்சம் கூடிக்கூடிக் குறைந்தது. அதன் வளைய முனை வெளியே பளபளப்பாகத்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறையை உரித்துப் பார்த்தால், வளையத்தின் கழுத்தில் செம்பு இழைகள் பச்சை பூத்து, கறுத்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தன. நான்கைந்து இழைகளே மிஞ்சியிருந்தன. மேனிஃபோல்ட் சூடேறும்போது அவையும் பிடி தளர்ந்திருக்க வேண்டும்.

நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதிய வளையம் போட்டு இறுக்கி, மேனிஃபோல்டில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தினேன். சூட்டில் மறுபடி பார்த்தபோது 0.04 வோல்ட். நேற்றும் இன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினேன், நிற்கவில்லை.

மின்கம்பி:
மகிழ்ச்சி. பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து என்ஜினுக்கும் போகும் எர்த் பட்டைகளும் அதே வயதுடையவை. பல்பு கையில் இருக்கும்போதே அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

பழையவண்டி76:
பார்த்தேன், இரண்டும் 0.1க்குள்தான் இருக்கின்றன. பழைய பம்பைத் துடைத்து டிக்கியில் போட்டிருக்கிறேன்.