'எஸ்டேட் பைப்' தமிழில் எப்படி வழங்கலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

புகையிலை புகைக்கும் பழைய ஆங்கிலேயப் பிரையர் மரப் பைப்புகளைச் சேகரிப்போர் அன்றாடம் புழங்கும் 'எஸ்டேட் பைப்' என்னும் தொடரை ஒருவர் 'தோட்டச் சுங்கான்' என்று பெயர்த்திருந்தார். எஸ்டேட் என்றதும் வால்பாறையும் நுவரெலியாவும் நம் நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் இங்கு அச்சொல் இறந்தவர் விட்டுச்சென்ற உடைமைகள் அனைத்தையும் சேர்த்துக் குறிக்கும் சட்டச்சொல். உடையவர் மறைந்தபின் வீட்டுச் சாமான்களோடு விலைக்கு வந்தது என்பதே அத்தொடரின் மூலப்பொருள். இன்றோ உயிரோடிருப்பவர் விற்றதும், ஏலத்தில் பலரிடம் மாறி வந்ததும் எல்லாம் எஸ்டேட்தான்.

தொடரின் பிற்பாதியில் சிக்கலே இல்லை. பைப் என்றால் நமக்குத் தண்ணீர்க் குழாய், குழல் என்றால் புல்லாங்குழல் அல்லது கூந்தல். புகைபிடிக்கும் கருவிக்குச் சுங்கான் என்ற சொல் அகராதியிலேயே இருக்கும்போது 'புகைக்குழல்' என்று புதிதாக ஆக்க வேண்டியதில்லை. முற்பாதிதான் நம்மைப் படுத்துகிறது.

'மரபுரிமைச் சுங்கான்' என்றால் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்ததாகப் படும். முன்பின் அறியாத ஒருவருடைய பொருளைக் காசு கொடுத்து வாங்குவதுதான் இங்கே நடப்பது. 'எச்சச் சுங்கான்' பொருளால் மிக நெருங்கி வருகிறது, ஏனெனில் ஒருவர் விட்டுச்செல்வதே எச்சம். ஆனால் அச்சொல்லைக் கேட்டதும் காக்கையை நினைக்கும் காலத்தில் அதை வாயில் வைக்கும் பொருளுக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. 'பழகிய சுங்கான்' காதுக்கு இனியது, எனினும் ஒரு சோதனையில் தோற்கிறது. 1917ஆம் ஆண்டுக் காப்புரிமையின்படி மணல் வீச்சால் மரத்தின் மென்னிழைகளை அரித்துச் சொரசொரப்பாக்கிய, டன்ஹில் நிறுவனத்தின் 'ஷெல்' வகைச் சுங்கான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தண்டின் அடியில் 'மேட் இன் இங்லண்ட்' என்ற முத்திரையை ஒட்டிப் பொடி எழுத்தில் 14 என்றிருக்கிறது. 1920உடன் அதைக் கூட்டினால் செய்த ஆண்டு 1934 என்று தெரியும். புகையிலை இடும் கிண்ணத்துக்குள் பார்த்தால், புகைத்தால் படியும் கரிப்படையே இல்லை, வெறும் மரம். வாங்கியவர் ஒருநாளும் பற்றவைக்காமல் பெட்டியிலேயே வைத்திருந்த இதுவும் எஸ்டேட்தான், ஆனால் பழகியது அன்று.

ஆகவே 'கைமாறிய சுங்கான்' என்பதை முன்வைக்கிறேன். உடையவர் மாறினார் என்பதை மட்டும் அது சொல்கிறது. இறந்தாரா, புகைத்தாரா என்ற கேள்விகளுக்குள் போவதில்லை. சுருக்கம் வேண்டிக் 'கைமாற்றுச் சுங்கான்' என்று ஆக்கிவிடக் கூடாது, கைமாற்று என்பது அவசரத்துக்கு வாங்கும் வட்டியில்லாக் கடன். 'கைம்மாறு' என்றால் நன்றிக்கடனாகிவிடும். பெயரெச்சமாகவே விடுவது நல்லது.

பழங்காலத்தது என்று பொருள்படும் 'விண்டேஜ்' என்பதற்கும் இதையே ஆளலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. பார்லிங் என்ற ஆங்கிலேய நிறுவனத்துச் சுங்கானின் வெள்ளிப் பூணில் உள்ள சிங்கம் வெள்ளியின் தூய்மைக்குச் சான்று, பக்கத்திலுள்ள தனியெழுத்து ஆண்டுக்கான குறியீடு. அவ்வெழுத்தைக் கொண்டு வயதைச் சொல்லலாம், எத்தனை கை மாறியது என்று சொல்ல முடியாது. வயதைக் குறிக்கப் 'பழஞ்சுங்கான்' போதும். சென்ற மாதம் வாங்கி இந்த மாதம் விற்றது கைமாறியது, ஆனால் பழஞ்சுங்கான் அன்று.

பிரையரை 'முட்செடி' என்று பெயர்ப்பதையும் கைவிட வேண்டும். முள்ளுள்ள காட்டு ரோஜாவுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் இருப்பதால் வந்த குழப்பம் இது. சுங்கானுக்கான பிரையர், ஹீத் செடியைக் குறிக்கும் 'ப்ருயேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. மத்தியதரைக்கடற் பகுதியில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற ஹீத் வகையின் வேர்முண்டே அந்த மரம். அதில் முள்ளே கிடையாது. பிரையர் பிரையராகவே இருக்கட்டும்.

மேலே சொன்ன ஷெல்லை விற்பனைப் பட்டியலில் இப்படி எழுதலாம்: 'கைமாறிய பிரையர்ச் சுங்கான், டன்ஹில் ஷெல், 1934, புகைக்காதது.'